நமுத்துப்போன சத்தம்

அத்தியாயம் 17

தென்காசியில் கேட்கிற காது வகுப்பறையில் கேட்கவில்லை. ஏன் என்று சங்கரேஸ்வரிக்கு விளங்கவே இல்லை.

ஒரே காது. ஒரே கருவி. காதுமடலுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை போல உட்கார்ந்துகொள்ளும் சின்னப் பெட்டி, அதிலிருந்து வளைந்து வரும், கண்ணாடி போல் தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாயின் முனையில் மகள் அனுசியாவின் காதுக்கென்றே அளவெடுத்து வார்த்த அச்சு. ஜனவரி மாத முகாமில் கொடுத்தார்கள். குத்துக்கல்வலசை வீட்டில் இருந்தவரை, அதாவது மே கடைசிவரை, ஒரு குறையும் சொல்ல முடியாது. டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன வாய்ப்பாட்டைக்கூட அனுசியா திருப்பிச் சொன்னாள்.

ஜூனில் சாரல் இறங்கியது. சங்கரேஸ்வரி வருஷந்தோறும் செய்கிறபடி சிப்ஸ் கடையை ஐந்தருவிக்குக் கொண்டுவந்தாள். கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் சீசன் முடியும்வரை வீடு. பள்ளிக்கூடம் மாறவில்லை, ஷேர் ஆட்டோவில் போய் வருகிறாள் பிள்ளை. நான்காம் வகுப்பு தொடங்கிய இரண்டாவது வாரமே புகார் வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. சொன்னதைச் செய்வதில்லை. பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

மூன்று முறை கடையைப் பூட்டிவிட்டு அவளைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள் சங்கரேஸ்வரி. மூன்று முறையும் இரண்டு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே காத்திருந்தார்கள். பரிசோதிக்கிறவர் கருவியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டினார், பின்னால் போய் நின்றுகொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறையும் அனுசியா திரும்பினாள்.

"மிஷினு கல்லு மாதிரி இருக்கும்மா. பிள்ளதான் ஸ்கூல்ல ஏதோ சேட்ட பண்ணுது."

பள்ளியின் பதிவேட்டிலும் மூன்று முறை அதே வரி ஏறியது. 'உபகரணம் நல்ல நிலையில் உள்ளது. மாணவி ஒத்துழைக்கவில்லை.'

பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் பாண்டித்துரை, பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் போன வாரம் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் சோறு போடவும் கை கழுவவும் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். இன்று வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று மணி பஸ்ஸில் அவன் கிளம்புகிறான். பிறகு எட்டு மாதம் கழித்துத்தான் வருவான். அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

*

காலை பத்து மணிக்கு இருவரும் பள்ளியில் இருந்தார்கள்.

தலைமை ஆசிரியர் சொரிமுத்து கெட்ட மனிதர் இல்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் அவர். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று வட்டார வள மையத்திலிருந்து ஒரு சிறப்பாசிரியர் வர வேண்டும். அவருக்குப் பதினோரு பள்ளிகள். போதாததற்கு ஜூன் முழுக்கவும் ஜூலையில் பாதியும் பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். ஆகவே சொரிமுத்து தமக்குத் தெரிந்த முறையில் சோதித்தார். அனுசியாவை முன் பெஞ்சில் உட்கார வைத்து, தாம் வகுப்பின் பின்னால் நின்றுகொண்டு வருகைப் பதிவேட்டை வாசித்தார். பெற்றோர் வாசலில் நின்றார்கள்.

அனுசியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத பிள்ளைக்கு எதிரே இருக்கிற முகம்தான் காது. உதடு அசைந்தால் பெயர். புருவம் ஏறினால் கேள்வி. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு மாதத்தில் தானாகவே பழகியிருந்தாள்.

சொரிமுத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். சங்கரேஸ்வரி தன்னை அறியாமல் இசக்கியம்மனை வேண்டினாள். அவள் உதடு அசைந்தது.

"ஆதித்தன்" என்றார் சொரிமுத்து.

"உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்றாள் அனுசியா.

வகுப்பே சிரித்தது. ஆதித்தன், "ஏலே, நான் எப்பம்லே பொட்டப்பிள்ள ஆனேன்?" என்று கேட்டதில் சிரிப்பு இன்னும் பெரிதானது. அனுசியாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல், எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள்.

பாண்டித்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அறையில் சொரிமுத்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். "ஒண்ணு, மாற்றுச் சான்றிதழ் கேட்டு நீங்க எழுதுத கடிதம். இன்னொண்ணு பரிந்துரை. அதுல சிறப்பாசிரியர் கையெழுத்து வேணும். அவங்களுக்கு போன்ல அனுப்பியிருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு இணையத்துல ஏத்திருவேன். ஏத்தியாச்சுன்னா பிள்ள பேரு நம்ம பள்ளியிலேருந்து போயிரும், பொறவு அங்கன எடுத்துக்கிடுவாங்க."

"இங்கனயே இன்னும் ஒரு வருசம் பாக்கக் கூடாதா சார்?" என்றாள் சங்கரேஸ்வரி.

"பாக்கலாம்மா. ஒரு வருசம் பிள்ள சும்மா உக்காந்திருக்கும். அது அதுக்குப் பண்ணுத பாவம் இல்லையா?"

பாண்டித்துரை மெதுவாகச் சொன்னான்: "சங்கரி, அது ஜெயில் இல்ல. நல்ல பள்ளிக்கூடம். கையால பேசச் சொல்லித் தாராங்க, நான் கண்ணால பாத்தேன். அங்கன யாரும் பிள்ளையப் பாத்துச் சிரிக்க மாட்டாங்க."

அந்தக் கடைசிச் சொல்தான் அவளைச் சாய்த்தது. கையெழுத்துப் போட்டாள். எப்போதும் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதுகிறவள், இன்று பாதியில் கோடு இழுத்துவிட்டாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது அனுசியா அவள் சேலையைப் பிடித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் பிள்ளையின் முகத்தில் மிச்சம் இருந்தது.

"நேத்து சாயங்காலம் அப்பா பின்னால நின்னு ஐஸ் வேணுமாட்டின்னு கேக்கும்போது மட்டும் காது கேட்டுச்சு, என்ன? இங்கன கேக்காதோ? நடிக்கியாட்டி? யாருகிட்டட்டி நடிக்க?"

அடித்துவிட்டாள். கன்னத்தில், காதை ஒட்டி.

அனுசியா அழவில்லை. கருவியைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கேக்கல்ல" என்றாள். அவளுக்குத் தெளிவாக வரும் சில சொற்களில் அது ஒன்று.

*

மத்தியானம் ஐந்தருவியில் சிவப்புக் கொடி ஏற்றிவிட்டார்கள். மேலே மலையில் மழை. அருவியில் குளிக்க விடவில்லை. ஈரத் தலையும் துண்டுமாகக் கூட்டம் கடைகளின் பக்கம் திரும்பியது. இப்படிப்பட்ட நாளில் சங்கரேஸ்வரிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இன்று அவள் வாணலியின் முன்னால் நின்றபடியே நின்றாள்.

பாண்டித்துரைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நீ போயி பிள்ளைக்குச் சோத்தக் குடு. இத நான் பாத்துக்கிடுதேன்."

அரை மணியில் அறுபது பொட்டலம் போட்டுவிட்டான். வாணலியிலிருந்து அரித்தெடுத்த சிப்ஸை அப்படியே கவரில் கொட்டி, சூட்டு இயந்திரத்தில் வாயை ஒட்டி, பட்டாளத்து வரிசையில் அடுக்கியிருந்தான். ஒரு பொட்டலம்கூட வரிசை பிசகவில்லை.

"போகும்போது ஒரு ஒத்தாசை" என்றான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் தென்காசியில் வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு, வெறும் பெட்டியை அலமாரியின் மேல் வைத்தான். அனுசியாவின் மருத்துவச் சான்றையும் அடையாள அட்டையையும் பையின் உள்ளறையில் பத்திரப்படுத்தினான். இன்றிரவு பாளையங்கோட்டையில் சித்தப்பா வீடு. காலையில் விடுதிப் பள்ளியில் காகிதங்களைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் திருநெல்வேலியில் ரயில்.

பிள்ளையின் தலையில் கை வைத்தான். பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னான். அது அவளுக்குக் கேட்டதா என்று அவனுக்குத் தெரியாது. கருவி அம்மாவிடம் இருந்தது.

பஸ் போன பிறகும் சங்கரேஸ்வரி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை நாளைக்கு இன்னொரு ஊர்ப் பிள்ளை. தலை யார் பின்னுவார்கள்? காய்ச்சல் வந்தால் யாரிடம் எப்படிச் சொல்லும்? சொல்லத்தான் முடியுமா? அடித்த கை இன்னும் காந்திக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு மதுரைக்காரர் ஒருவர் திறந்த பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"ஏம்மா, இது சிப்ஸா இல்ல வாழைக்காப் பொரியலா? கடிச்சா சத்தமே வரல. குரங்குக்குப் போட்டேன், அதுவே தூக்கி என் மேல எறிஞ்சிருச்சு."

அவள் வரிசையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். கவரின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர். அடுத்ததிலும் அப்படித்தான். அறுபதிலும் அப்படித்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. சூட்டோட கட்டிட்டாவ. பட்டாளத்துக்காரருக்கு இது தெரியாது." வேறு டின்னிலிருந்து ஆறவைத்த சிப்ஸைப் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

அறுபது பொட்டலத்தையும் சாக்கில் தள்ள அவள் குனிந்தபோது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மழைச் சட்டையைக் கழற்றியபடி இறங்கியவரை இதற்கு முன் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். சிறப்பாசிரியர் ஷரீபுன்னிசா.

"கையெழுத்து கேட்டு அனுப்பியிருந்தாரும்மா, ஹெச்.எம். பிள்ளயப் பாக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடுதது இல்ல. அதான் வந்தேன்."

"எல்லாம் முடிஞ்சு போச்சு டீச்சர். நானே போட்டுக் குடுத்துட்டேன்."

"நீங்க போட்டது உங்க சம்மதம். நான் போடணும்னா காரணம் வேணும்." ஷரீபுன்னிசா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போறது தப்பே இல்ல. கேக்கவே முடியாத பிள்ளைக்கு அதுதான் வாசல். ஆனா கேக்குத பிள்ள தப்பான காரணத்துக்குப் போகக் கூடாது பாத்துக்கிடுங்க. 'ஒத்துழைக்கவில்லை'ன்னு மூணு தடவ எழுதியிருக்கு. யாரு பாத்தா, எந்த நேரத்துல பாத்தா, எப்படிப் பாத்தான்னு ஒரு வரி இல்ல. அத நீங்க கேட்டிருக்கலாம். கேக்கலாம்னு யாரும் உங்களுக்குச் சொல்லல. அந்தத் தப்பு எங்களுது."

"நான் என்னத்த கேக்க? படிச்சவங்க எழுதுதாங்க."

"சரி, நான் கேக்கேன். எப்பம் கேக்கு, எப்பம் கேக்கல?"

"சாயங்காலம் சில நாளு கேக்கு. தென்காசியில கேக்கு. காலையில பள்ளிக்கூடத்துல கேக்காது."

"பள்ளிக்கூடத்துல காதுலேயே வச்சிருக்காளா?"

"கேக்கலைன்னு பத்து மணிக்கெல்லாம் கழத்தி பென்சில் டப்பாவுல போட்டுருவா. வீட்டுக்கு வந்துதான் மாட்டுவா."

"ராத்திரி எதுல வைப்பீங்க?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சங்கரேஸ்வரியிடம் நிமிர்ந்து சொல்லப் பதில் இருந்தது. உள்ளே போய் எடுத்துவந்தாள். வாயை அழுத்தி மூடுகிற கெட்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் கருவி. காலையில் பிள்ளையிடமிருந்து வாங்கியதை, கோபத்திலும் மறக்காமல், வழக்கம்போல மூடி வைத்திருந்தாள்.

"காதுலேருந்து கழத்தின உடனே உள்ள போட்டு மூடிருவேன் டீச்சர். இங்கன சாரலு சுவத்துக்குள்ளயும் வருமுல்லா, அதான் ரெண்டு கவரு. ஒரு பொட்டு ஈரம் உள்ள போகாது."

சொல்லிக்கொண்டே கவரை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். உள்பக்கம் பொடிப்பொடியாகத் தண்ணீர்.

அவள் கண் கவரிலிருந்து சாக்குக்குப் போனது. சாக்கிலிருந்து கவருக்கு வந்தது.

"உள்ள போகாது..." என்றாள் மறுபடியும். குரல் இறங்கிப்போயிருந்தது. "உள்ள இருக்கது வெளியயும் போகாதுல்லா."

ஷரீபுன்னிசா கவரைப் பிரித்துக் குழாயை விளக்கில் காட்டினார். வளைவில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு துளி உட்கார்ந்திருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெட்டி சத்தத்தைப் பெரிதாக்கும்; குழாய் அதைக் காதுக்குக் கொண்டுபோகும். குழாயில் காற்றுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் சத்தம் என்பது காற்றின் அசைவு. நடுவில் ஒரு துளி நின்றால் கதவு சாத்திய மாதிரிதான். காதின் சூடும் வேர்வையும் கருவியில் ஒட்டியிருக்க, அப்படியே இறுக்கி மூடினால், இரவுக் குளிரில் அந்த ஈரமெல்லாம் துளியாகிக் குழாயில் இறங்கும். காலையில் பள்ளிக்குப் போவது அடைத்த குழாய். காற்றுப் புகும் பென்சில் டப்பாவில் கிடந்து காய்ந்தால் சாயங்காலம் கேட்கும். மின்விசிறியின் கீழே இரண்டு மணி நேரம் இருந்து, கழற்றிப் பார்த்து மாட்டினால் தென்காசியில் கேட்கும். பரிசோதித்தவர் சொன்னதும் பொய் இல்லை. பிள்ளை சொன்னதும் பொய் இல்லை.

"நமுத்துப் போயிருக்கு" என்றாள் சங்கரேஸ்வரி. "இருவது வருசமா நமுத்துப் போகாம சிப்ஸ் போடுதவ, எம்பிள்ள காத நானே சூட்டோட கட்டி வச்சிருக்கேன்."

ஷரீபுன்னிசா பையிலிருந்து காற்று ஊதுகிற ஒரு ரப்பர் உருண்டையை எடுத்தார். குழாயைப் பெட்டியிலிருந்து கழற்றி, உருண்டையை அதன் வாயில் வைத்து இரண்டு முறை அமுக்கினார். துளி தெறித்தது. மறுபடி மாட்டி, கருவியை உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை மூடினார். கைக்குள்ளிருந்து 'ஊய்ங்' என்று ஒரு விசில் கிளம்பியது.

"இந்தச் சத்தம் வந்தா மிஷினு உயிரோட இருக்கு. காலையில மாட்டுததுக்கு முந்தி இப்படிக் கைக்குள்ள வச்சுப் பாருங்க. வரலன்னா மாட்டாதீங்க, ஊதுங்க. உருண்ட உங்ககிட்டயே இருக்கட்டும்."

சங்கரேஸ்வரி கருவியை வாங்கிக்கொண்டு அனுசியாவின் அருகே போனாள். கை காதை நெருங்கியதும் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினாள்.

கை அந்தரத்தில் நின்றது. ஷரீபுன்னிசாதான் வாங்கி மாட்டினார்.

ஒரு தட்டில் ஆறு சிப்ஸை வைத்தார். சத்தம் கேட்டால் ஒன்றை எடுக்க வேண்டும் என்று கையால் சொல்லிக் கொடுத்தார். பிறகு பின்னால் போய் நின்றார். ஆ. ஒன்று போனது. ஈ. ஊ. ம். நான்கு போயின. ஷ். ஐந்து. கடைசியாக ஸ்; அருவிக் கரையில் அது யாருக்குமே சரியாகக் கேட்காது. அனுசியா யோசித்தாள். ஆறாவதை எடுத்தாள்.

சங்கரேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிப்ஸ் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு மாதம். ரெண்டு மாதம் அந்தப் பிள்ளை சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

போனை எடுத்தாள். மூன்றாவது முறை அவன் எடுத்தான். பஸ்ஸின் இரைச்சல்.

"காதுல ஒண்ணுமில்லங்க, ஈரம்தான். இப்பம் கேக்கு. ஆறு சத்தமும் கேட்டா. காகிதத்தக் குடுக்காண்டாம்..."

"சாயங்காலம் கேக்கத்தான செய்யும் சங்கரி. நேத்தும் கேட்டுச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "காலையில கேக்காது. மூணு மட்டம் பாத்தாச்சுல்லா. நீ மனசத் தேத்திக்கோ. பத்து மணிக்குக் குடுத்துட்டுப் பேசுதேன்."

அதன்பின் லைன் இல்லை.

"அவரு சொல்லுதது சரிதான்" என்றார் ஷரீபுன்னிசா. "சாயங்காலத்துக் காத யாரும் நம்ப மாட்டாங்க. நாளைக்கு ஒம்பதரைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருப்பேன். ஹெச்.எம். பின்னால நின்னு கூப்பிடட்டும். நீங்க பிள்ள கண்ணுல படாத இடத்துல நில்லுங்க. அவ திரும்பினா, அவரு இணையத்துல ஏத்த மாட்டாரு, நான் பேசிக்கிடுதேன். காலையில மிஷினு கேக்கணும். அது மட்டும் உங்க கையில."

"ராத்திரி மூடாம வைக்கட்டா?"

"மூடாம வச்சா சாரலு ஏறும். மூடணும். எப்படி மூடணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சங்கரேஸ்வரி எழுந்தாள். அலமாரியிலிருந்து ஷூப் பெட்டியை இறக்கினாள். அடியில் தாளுக்குக் கீழே இரண்டு சின்ன வெள்ளைப் பொட்டலங்கள் கிடந்தன. புதுத் தோல் பூசணம் பிடிக்காமல் இருக்க ஈரம் குடிப்பதற்கென்று போடுகிறார்களே, அவை. குலுக்கிப் பார்த்தாள். கற்கள் மணிமணியாக உருண்டன.

இறுக்கி மூடுகிற ஒரு டப்பாவைக் கழுவாமல், காய்ந்த துணியால் துடைத்தாள். பாட்டரியை என்ன செய்வதென்று மட்டும் டீச்சரிடம் கேட்டுக்கொண்டாள். லேபிள் அட்டை ஒன்றின் பின்புறம், மறந்துவிடக் கூடாது என்று, நிறுத்தி நிறுத்தி எழுதி மூடியில் ஒட்டினாள்.

'குழாயைக் கழற்றி ஊத வேண்டும். எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பாட்டரியை வெளியே எடுத்து, அதன் கதவைத் திறந்தே விட வேண்டும். அரை மணி நேரம் ஆறப் போட வேண்டும். ஆறிய பிறகுதான் ஈரம் குடிக்கும் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து மூட வேண்டும்.'